டவுன் பஸ்ஸிடம் தோற்கும் ரேஸ் கார்

இரண்டு புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

முதல் படம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு ஃபார்முலா கார். ஷட்டர் வேகம் 1/4000 நொடி. இரண்டாவது படம், ஓசூர் பாகலூர் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு டவுன் பஸ். ஷட்டர் வேகம் 1/30 நொடி, கேமராவைப் பஸ்ஸோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுத்தது. எது வேகமாகப் போகிறது என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் பஸ்ஸைத்தான் காட்டுவார்கள். ரேஸ் காரைப் பார்த்து, "இது ஷோரூம்ல நிக்குதா?" என்று ஒருவராவது கேட்பார்.

வேகமாகப் போகிற வண்டியைப் படம் எடுக்க வேகமான ஷட்டர் வேண்டும், அதற்கு விலை கூடின கேமரா வேண்டும், பெரிய வெள்ளை லென்ஸ் வேண்டும்... கல்லூரிப் பையன்கள் பலர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதில் பாதிக்கு மேல் தவறு. தவறு என்பதோடு போனால் பரவாயில்லை. இந்த நம்பிக்கைக்குப் பணமும் செலவாகிறது, சில சமயம் உயிரும் பணயம் வைக்கப்படுகிறது. அந்த விஷயம் கடைசியில்.

ஓசூரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. ஊரே வண்டி செய்கிற ஊர். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட் இந்த ஊர்த் தயாரிப்பு. அசோக் லேலண்டுக்கு இங்கே தொழிற்சாலை இருக்கிறது. டி.வி.எஸ். தன் ரேஸிங் அணியைத் தொடங்கியது 1982-ல். இப்போது ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. இவ்வளவு இருந்தும் ஊரில் ஒரு ரேஸ் டிராக் கிடையாது! ரேஸ் பார்க்க வேண்டுமானால் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக சுமார் 270 கி.மீ. போய் இருங்காட்டுக்கோட்டையில் இறங்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் தள்ளி, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. பெங்களூரு பக்கம் என்றால் வடக்குக் கோடியில் மெக்கோ கார்ட்டோபியா கோ-கார்ட் டிராக். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, ரேஸையே பார்த்திராதவர்கள்கூட ரேஸ் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு எடுத்துப் பார்க்கும் ஆசையும் வரத்தானே செய்யும்?

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் ஓடவேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

மணிக்கு 180 கி.மீ. என்பது நொடிக்கு 50 மீட்டர். 1/4000 நொடிக்குள் அந்தக் கார் நகரும் தூரம் ஒன்றேகால் சென்டிமீட்டர். சக்கரத்தின் குறுக்களவு சுமார் 60 செ.மீ. என்றால், நொடிக்கு ஏறக்குறைய 26 சுற்று சுற்றும். 1/4000-ல் அது திரும்புவது இரண்டரை டிகிரிகூட இல்லை. அதாவது டயரில் எழுதியிருக்கும் கம்பெனி பெயரைக்கூடப் படிக்கலாம். பின்னால் இருக்கும் விளம்பரப் பலகை, வேலிக் கம்பி, மரம் எல்லாமே கல் மாதிரி நிற்கும். கண்ணுக்கு வேகத்தைச் சொல்லும் அடையாளம் ஒன்றுமே படத்தில் இல்லை.

அதே காரை 1/125-ல் எடுத்தால்? அந்த நேரத்தில் கார் 40 செ.மீ. நகர்கிறது. சக்கரம் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிவிடுகிறது. கேமராவும் காரோடு சேர்ந்து திரும்பினால், கார் தெளிவாக இருக்கும், சக்கரம் சுழலும், பின்னணி முழுக்கக் கோடு கோடாக இழுபடும். இதைத்தான் பேனிங் என்கிறார்கள்.

இப்போது டவுன் பஸ்ஸுக்கு வாருங்கள். 40 கி.மீ. என்பது நொடிக்கு 11 மீட்டர் சொச்சம். 1/30 நொடியில் பஸ் நகரும் தூரம் 37 செ.மீ. ரேஸ் காருக்கு 40, டவுன் பஸ்ஸுக்கு 37! கிட்டத்தட்ட ஒரே அளவு. புகைப்படத்தில் தெரிகிற வேகம் ஆக்ஸிலேட்டரில் இருந்து வருவதில்லை, ஷட்டரில் இருந்து வருகிறது. இந்த ஒரு வரி புரிந்தால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

பழக்கம் என்று சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். பலர் செய்கிற முதல் தப்பு, கையைத் திருப்புவது. கை திருப்பினால் கேமரா மேலும் கீழும் ஆடும். திரும்ப வேண்டியது இடுப்பு. கார் எந்த இடத்தில் வரும்போது அமுக்கப் போகிறோமோ, அந்த இடத்தைப் பார்த்துக் காலை அகட்டி ஊன்றிக்கொள்ள வேண்டும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி இருக்கட்டும். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் திருப்பி, கார் வருகிற பக்கம் போய், அங்கிருந்தே காரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கார் நேரெதிரே வரும்போது மெதுவாக அமுக்க வேண்டும். அமுக்கியதும் நின்றுவிடக் கூடாது, கார் போகிற பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டே போக வேண்டும். பௌலர் பந்தை விட்ட பிறகும் கை முழுச் சுற்றும் வருகிறதே, அதே மாதிரி. பந்து கையை விட்டுப் போன பிறகு கை எப்படிப் போனால் என்ன என்று கேட்பவன் நல்ல பந்து போட்டதே இல்லை.

இன்னொன்று, "கார்" என்று மொத்தமாகப் பார்த்தால் கண் அலையும். ஹெல்மெட்டோ, கதவில் இருக்கும் எண்ணோ, ஒரு புள்ளியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். கேமரா பழையது, தொடர் ஃபோகஸ் திணறுகிறது என்றால் கார் கடக்கப் போகும் இடத்துத் தரையில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸே இல்லாத காலத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் எடுத்தார்கள். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் அதில் பேனிங்குக்கு என்று தனி நிலை இருக்கிறதா பாருங்கள். கேனான் லென்ஸ் பலவற்றில் அது இரண்டாம் நிலை. அப்படி ஒன்று இல்லாத பழைய லென்ஸ் என்றால் அணைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நீங்கள் திருப்புவதையே நடுக்கம் என்று நினைத்து அது எதிர்ப்பக்கம் இழுக்கும். எடுத்த எடுப்பில் 1/30-க்குப் போகாதீர்கள். 1/250-ல் தொடங்கி, கை பழகப் பழக 125, 60, 30 என்று இறங்குங்கள்.

நூறு படம் எடுத்தால் தொண்ணூறு குப்பைக்குப் போகும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஃபிலிம் காலத்தில் 36 படத்துக்குள் முடிக்க வேண்டும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு. இன்று கூடுதலாக எடுக்கும் ஒரு படத்தின் செலவு பூஜ்யம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்களுக்கு இன்னொரு சங்கதியும் சுலபமாகப் புரியும். லென்ஸ் என்பது தேய்மானம் உள்ள சொத்து. தவணையில் வாங்கிய அன்றே அதன் மறுவிற்பனை விலை இறங்கிவிடும். எஃப்/2.8 லென்ஸுக்கு ஏன் அவ்வளவு விலை? அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதற்காக. ஆனால் பகலில் பேனிங் செய்கிறவனுக்கு வெளிச்சம் குறைவு என்ற பிரச்சினையே கிடையாது, வெளிச்சம் கூடுதல் என்பதுதான் பிரச்சினை! நல்ல மத்தியான வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப்/16 என்று வைத்தால் ஷட்டர் 1/100 பக்கம் வரும். 1/30-க்கு இறங்க வேண்டுமானால் அபெர்ச்சரை எஃப்/22-க்கும் கீழே சுருக்க வேண்டும். அவ்வளவு சுருக்கினால் எந்த லென்ஸாக இருந்தாலும் படம் கொஞ்சம் மழுங்கும், சென்சாரில் ஒட்டியிருக்கிற தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எஃப்/16-ல் லட்ச ரூபாய் லென்ஸுக்கும் கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 55-250 மாதிரி லென்ஸுக்கும் பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் ஒரு சாம்பல் நிற என்.டி. ஃபில்டர் வாங்கலாம். அல்லது காசே செலவழிக்காமல் மேகமூட்டமான நாளில் போகலாம். ஓசூருக்கு மேகத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

இரவுப் பந்தயம் வேறு கதை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கி.மீ. சாலையில் விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. அங்கே காரை உறைய வைக்க நினைத்தால் விலை உயர்ந்த லென்ஸும் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வும் தேவை. ஆனால் 1/60-ல் பேனிங் செய்கிறவனுக்கு அங்கேயும் சாதாரண லென்ஸ் ஓரளவு ஈடுகொடுக்கும். விளக்குகள் எல்லாம் நீள நீளக் கோடாக இழுபட்டு, பகலில் கிடைக்காத அழகு ஒன்று கிடைக்கும்.

வேகமான ஷட்டரே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கார் நேராக நம்மை நோக்கி வரும்போது பேனிங் செய்ய எதுவும் இல்லை, பின்னணி நகராது, மெதுவான ஷட்டர் வைத்தால் கலங்கல்தான் மிஞ்சும். ராலி கார் மேட்டில் ஏறி அந்தரத்தில் பறக்கும்போதும், இரண்டு கார் மோதிக்கொள்ளும்போதும் 1/1000-க்கு மேல்தான் சரி. அங்கே காற்றும் தூசியும் சாய்ந்த சக்கரமும் வேகத்தைச் சொல்லிவிடும். பத்திரிகைக்காரருக்கு எண் தெரிய வேண்டும், ஸ்பான்சருக்குத் தன் பெயர் தெரிய வேண்டும், அவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள். நேர் சாலையில் பக்கவாட்டில் போகிற காரை உறைய வைத்துவிட்டு, அதைப் பெருமையாகக் காட்டுவதில்தான் அர்த்தம் இல்லை.

இதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது. ழாக் ஆன்றி லார்த்திக் என்ற பிரெஞ்சுக்காரர், 1910களின் தொடக்கத்தில், இருபது வயது வாக்கில், பிரான்ஸின் கிராண்ட் பிரி பந்தயத்தில் ஒரு காரை எடுத்தார். அந்தப் படத்தில் காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் ஜனங்களும் கம்பங்களும் பின்பக்கம் சாய்ந்திருப்பார்கள். காரோ பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. பாட நூல் கணக்குப்படி தோற்றுப்போன படம். நடந்தது என்னவென்றால், அவருடைய கேமராவில் ஷட்டர் ஒரு ஒடுங்கிய பிளவாக நகர்ந்து படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்தது. அதற்குள் கார் முன்னே போய்விட்டது, கேமராவும் திரும்பிக்கொண்டிருந்தது, ஆனால் காரின் வேகத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கார் ஒரு பக்கமும் ஜனங்கள் மறுபக்கமும் சாய்ந்தார்கள். 1963-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. வேகத்தைக் காட்டிய படம் என்றால் இன்றும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்போதுள்ள செல்போன் கேமராக்களும் வரி வரியாகத்தான் படத்தைப் பதிவு செய்கின்றன. ஓடும் பஸ் ஜன்னலில் இருந்து போனில் எடுத்தால் மின்கம்பம் சாய்ந்து தெரிகிறதே, அது லார்த்திக்கின் ஜனங்கள் சாய்ந்த அதே காரணம்தான்.

செல்போனிலும் பேனிங் முடியும். புரோ மோடு இருக்கும் போனில் ஷட்டரை 1/30, 1/60 என்று வைக்கலாம். போனில் அபெர்ச்சரைச் சுருக்க வழி இல்லாததால் மத்தியானம் படம் வெளுத்துவிடும், சாயங்காலம் போக வேண்டும், அவ்வளவுதான். நின்ற காரை எடுத்துவிட்டுப் பின்னணியை மட்டும் கம்ப்யூட்டரில் இழுத்துவிடும் வித்தையும் இப்போது போனிலேயே வந்துவிட்டது. சக்கரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். அது குட்டு வெளிப்படாத அளவுக்கு நன்றாக இருந்தால்தான் என்ன, பரீட்சையில் பார்த்து எழுதியவன் வாங்கிய மார்க் மாதிரிதான்.

இனி, முதலில் தள்ளிவைத்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேசிய நெடுஞ்சாலை 44-ல், சூளகிரிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நாலைந்து பைக், சில நாள் ஒரு மாடிஃபை செய்த கார். மீடியனில் ஒருவன் கேமராவோடு உட்கார்ந்திருப்பான். வண்டி ஒரு தடவை போகும். அவன் கேமரா திரையைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், கையை ஆட்டுவான்: "இன்னும் வேகமா வாடா மச்சி!" வண்டி திரும்பிப் போய் இன்னும் வேகமாக வரும். திரும்பவும் அதே உதட்டுப் பிதுக்கல். ஏன் படம் சரியாக வரவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை. கேமரா தானாக 1/2000-ஐத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இருக்கிறது. வண்டி 80-ல் வந்தாலும் 140-ல் வந்தாலும் அந்தப் படத்தில் நின்றுகொண்டுதான் இருக்கும். ஒரு டயலைத் திருப்பியிருந்தால் 50-ல் வந்த வண்டியே பறந்திருக்கும். டயலைத் திருப்பத் தெரியாததால் நண்பனின் ஆக்ஸிலேட்டரைத் திருப்புகிறான்.

ரேஸ் டிராக்கில் கேமரா வெறும் பார்வையாளன். டிரைவர் லேப் நேரத்துக்காக ஓட்டுகிறார், வேலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. நெடுஞ்சாலையில் அப்படி இல்லை. அங்கே அந்தப் பைக் ஓடுவதே கேமராவுக்காகத்தான். கேமரா இல்லாவிட்டால் அந்த 140 இல்லை. அப்படியென்றால் விபத்து நடந்தால் "நான் போட்டோ மட்டும்தான் எடுத்தேன்" என்று சொல்ல முடியுமா? சட்டமும் அப்படி விட்டுவிடுவதாகத் தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வண்டிப் பந்தயம் நடத்துவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 188-வது பிரிவு இன்னும் கவனிக்க வேண்டியது. ஆபத்தாக ஓட்டத் தூண்டியவருக்கும், ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. கையை ஆட்டி "வேகமா வா" என்பது தூண்டுதல் இல்லாமல் வேறு என்ன?

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே, இதே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், யூடியூபில் பெயர் பெற்ற ஒரு பைக் ஓட்டி முன்சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தார். கைது, ஜாமீன் மறுப்பு, ஓட்டுநர் உரிமம் பத்து வருஷத்துக்கு ரத்து என்று முடிந்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு அந்த இடத்தில் இருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

டிராக் மட்டும் ஆபத்தில்லாத இடமா என்று கேட்கலாம். இல்லைதான். 2013-ல் ஜெர்மன் கிராண்ட் பிரியில், பிட் லேனில் ஒரு காரில் இருந்து கழன்ற சக்கரம் ஓடிவந்து ஒரு டி.வி. கேமராமேனை அடித்துக் கீழே தள்ளியது. எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு பிட் லேனில் ஊடகக்காரர்கள் நிற்பதற்கே கடுமையான கட்டுப்பாடு வந்தது. தவறு நடந்தால் விதி மாறுகிறது, அதுதான் டிராக்குக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம். டிராக்கில் எங்கே நிற்கலாம் என்று மார்ஷல் சொல்வார், அதைக் கேட்க வேண்டும். கார் வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூடாது. வளைவின் வெளிப்பக்கம் கட்டுப்பாடு இழந்த கார் வந்து சேரும் இடம், படம் அங்கே நன்றாக வரும் என்று தோன்றினாலும் உள்பக்கம் நிற்பதே நல்லது. உள்பக்கத்தில் இன்னொரு வசதி: வளைவைச் சுற்றி வரும் கார் கொஞ்ச நேரம் ஒரே தூரத்தில் இருக்கும், ஃபோகஸ் தப்பாது. டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு வேலிக் கம்பி ஒரு தொல்லை. லென்ஸைக் கம்பிக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்தால் கம்பி கரைந்து மறைந்துவிடும். வெளிச்சம் கூடுதலானால் என்.டி. ஃபில்டர் இருக்கவே இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டைக்கு வருஷத்தில் ஒரு தடவை போவதே பலருக்குப் பெரிய விஷயம். அதுவரை கை பழக ஊரிலேயே இடம் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிராமத்துக்குக் கிராமம் எருது விடும் விழா நடக்கும். ஓடும் எருதை 1/60-ல் பிடிப்பது காரைப் பிடிப்பதைவிடக் கஷ்டம், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. தடுப்புக்குப் பின்னால் அல்லது மேடை மேல் நின்று எடுப்பதாக இருந்தால் மட்டும் போகலாம். வருஷம் முழுக்கக் கிடைப்பது சிப்காட்டின் கம்பெனி பஸ்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே தடத்தில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரும். டிராக்கில் லேப் லேப்பாகக் கார் வருவது போலவேதான். நடைபாதையில், சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நின்றுகொண்டு 1/30-ல் வைத்தால், அரை மணி நேரத்தில் நூறு படம் தேறும். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகும் தொழிலாளியின் முகம் தெளிவாக, பின்னால் சிப்காட் மதில் முழுக்கக் கோடாக ஓடும் படம் ஒன்றாவது அதில் கிடைக்கும். பஸ் டிரைவர் 40-க்கு மேல் ஒரு கி.மீ.கூடக் கூட்டியிருக்க மாட்டார்.